கடைக்காரரே, அதைக் கொட்டிவிடாதீர்கள்!

ராத்திரி எட்டரை மணி. விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு தையற்கடை. கடைக்காரர் மிஷினை உறை போட்டு மூடுகிறார். துடைப்பத்தை எடுத்துக் காலடியில் கிடக்கும் துண்டுத் துணிகளைக் கூட்டி மூலையில் தள்ளுகிறார். சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது, பூப்போட்டது, சரிகை ஓரம், எல்லாம் ஒரே குவியல்.

நாலு கடை தள்ளி ஓர் அச்சகம். முகூர்த்த மாதம் அல்லவா? கல்யாணப் பத்திரிகை வெட்டிய ஓரத்தாள் ஒரு கோணி நிறைய இருக்கிறது. பக்கத்துச் சந்தில் தச்சுப்பட்டறை. அங்கே அறுத்துத் தள்ளிய மரத்துண்டுகள், பாதி தேய்ந்த உப்புத்தாள். எதிரே சைக்கிள் கடை. அங்கே வெட்டிப்போட்ட ரப்பர் துண்டுகள்.

நாளைக் காலையில் இவற்றில் பாதி குப்பை வண்டிக்குப் போகும். மீதி அடுப்புக்கோ, எடைக்கோ போகும்.

இப்போது இன்னொரு காட்சியைப் பாருங்கள். இது என் குடும்பத்தில் நடந்தது.

என் அக்காள் மகள் மூன்றாம் வகுப்பில் படித்த சமயம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், "மாமா! நாளைக்கு ஒரு வீடு செஞ்சு எடுத்துக்கிட்டு வரணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள். நான் ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடினேன். தெர்மோகோல் அட்டை, வண்ணத்தாள், பசை, மினுக்குத்தூள் எல்லாம் வாங்கினேன். இருநூறு ரூபாய்க்கு மேல் ஆயிற்று. வெட்டி ஒட்டியது யார்? அக்காள்தான். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து ஒட்டினாள். குழந்தை எட்டரைக்கே தூங்கிவிட்டாள். மறுநாள் அக்காளுக்கு, தவறு, குழந்தைக்கு, "வெரி குட்" கிடைத்தது.

அன்று மாலை குழந்தை இன்னொரு விஷயமும் சொன்னாள். அவள் வகுப்பில் ஒரு பெண் ஒன்றும் கொண்டுவரவில்லையாம். அந்தப் பெண்ணின் தாயார் களையெடுக்கப் போகிறவர். "அவளை மட்டும் நிக்க வெச்சுட்டாங்க மாமா" என்றாள்.

இருநூறு ரூபாய் என்பது அந்தத் தாயாருக்கு என்ன கணக்கு என்று அந்த வகுப்பில் யாரும் யோசிக்கவில்லை. இருநூறு ரூபாய் செலவழித்த வீட்டிலாவது குழந்தை ஏதாவது கற்றதா? அதுவும் இல்லை. கத்தரிக்கோலைக்கூட அவள் தொடவில்லை.

கடைத்தெருவில் சாமான் குவிந்து கிடக்கிறது. வகுப்பில் ஒரு குழந்தை வெறுங்கையோடு நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே கால் மைல் தூரம் இருக்குமா? அதைக் கடப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முக்கோணம் அசையாது

"துண்டுத் துணியிலும் ரப்பரிலும் என்னையா படிப்பு இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. சொல்கிறேன், வீட்டிலேயே செய்து பாருங்கள்.

சைக்கிள் கடையில் வால்வு ட்யூப் என்று ஒன்று உண்டு. மெல்லிய ரப்பர் குழாய். அதில் விரற்கடை நீளத்துக்குச் சில துண்டுகள் வேண்டும். தென்னை ஈர்க்கை ஒரே அளவாக ஒடித்துக்கொள்ளுங்கள். ஈர்க்கின் முனைகளை ரப்பர் துண்டில் இரு பக்கமும் செருகினால் மடங்கும் மூட்டு ஒன்று கிடைத்துவிடும். நாலு ஈர்க்கு, நாலு மூட்டு சேர்த்தால் சதுரம். மூன்று ஈர்க்கு, மூன்று மூட்டு சேர்த்தால் முக்கோணம்.

இப்போது சதுரத்தின் மேல் முனையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அது சாய்ந்துவிடும். முக்கோணத்தைத் தள்ளுங்கள். அசையாது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை இன்னொரு ஈர்க்கு கொடுங்கள். அதுவும் நிமிர்ந்து நின்றுவிடும். ஏன்? அது இரண்டு முக்கோணம் ஆகிவிட்டது.

இதைக் கையால் செய்த குழந்தையை ஒரு நாள் ஊருக்கு வெளியே அழைத்துப் போங்கள். வயல் நடுவே நிற்கும் மின்சாரக் கோபுரத்தைக் காட்டுங்கள். அது முழுவதும் முக்கோணங்கள். பலகைக் கதவின் பின்னால் ஆசாரி குறுக்காக ஒரு சட்டம் அடித்திருப்பாரே, அதுவும் அதே காரணத்துக்காகத்தான். பாலத்தின் இரும்புச் சட்டத்திலும், ரயில் நிலையக் கூரையின் அடியிலும் குழந்தை தானே முக்கோணத்தைத் தேட ஆரம்பித்துவிடும். கரும்பலகையில் படம் போட்டு ஒரு மணி நேரம் சொன்னாலும் வராத விஷயம் ஐந்து நிமிஷத்தில் விரலில் ஏறிவிடுகிறது.

இந்த ரப்பர் மூட்டு வித்தையை நாடெங்கும் பரப்பியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினீயர். புனேயில் லாரி செய்யும் தொழிற்சாலையில் நல்ல வேலை. 1978-இல் லீவு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் பக்கம் போனார். அங்கே கிராமத்துப் பள்ளிகளில் அறிவியலைச் செய்து பார்த்துக் கற்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அங்கேதான் தீக்குச்சியையும் வால்வு ட்யூபையும் சேர்த்தார். பிறகு இதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். எறியப்படும் சாமானிலிருந்து நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருள்களைச் செய்துகாட்டிப் புத்தகங்கள் எழுதினார். சர்க்கார் 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் தீக்குச்சியை உபயோகித்தார். நான் ஈர்க்கைச் சொல்கிறேன். மருந்து சுரண்டும் வேலையும் பயமும் இல்லை, ஒரு துடைப்பத்தில் ஒரு வகுப்புக்கே கிடைக்கும்.

அடுத்து உப்புத்தாள். தச்சர் மரத்தைத் தேய்த்துவிட்டுப் போடும் சொரசொரத் தாள்தான். அதில் 'அ' என்று வெட்டி ஓர் அட்டையில் ஒட்டுங்கள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவட்டும். எங்கே ஆரம்பித்து எங்கே சுழித்து எங்கே முடிகிறது என்பதை விரல் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இத்தாலி தேசத்து மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பித்த முறை இது. அந்த அம்மையார் நமக்கு அந்நியர் அல்ல. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஏராளமான உபாத்தியாயர்களைப் பயிற்றுவித்தார். நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதவைத்தார்களே, அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? ரொம்ப தூரம் இல்லை.

மரத்துண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அடுக்குவதற்குக் கட்டை கொடுத்தால் எந்தக் குழந்தையும் தானே விளையாடும். ஜெர்மனியில் 1837-இல் குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கிய புரோபெல் முதலில் கொடுத்தது வண்ண நூல் பந்துகள். அப்புறம் மரக்கட்டைகள். உலகப் புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், சின்ன வயதில் தாயார் வாங்கிக் கொடுத்த அந்தக் கட்டைகளை முதுமையிலும் மறக்கவில்லை.

அச்சகத்து ஓரத்தாளில் ஒரு வேடிக்கை உண்டு. நீளமான ஒரு பட்டையை எடுங்கள். ஒரு முனையை மட்டும் அரைச்சுற்று முறுக்கி, மறு முனையோடு ஒட்டி வளையமாக்குங்கள். இப்போது அந்த வளையத்தை நடுவாகக் கத்தரித்துக்கொண்டே போங்கள். இரண்டு வளையம் கிடைக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரே பெரிய வளையம்தான் கிடைக்கும்! காரணத்தை நான் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையோடு உட்கார்ந்து செய்து பார்த்து நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் பயந்தவர்கள் செய்த பொம்மை

துண்டுத் துணியின் பெருமைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் ஜில்லாவிலேயே சாட்சி இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே, வானூர் வட்டாரத்தில் இருக்கிறது ஆரோவில். அங்கே 'உபாசனா' என்று ஓர் ஆடை வடிவமைப்புக் கூடம். உமா பிரஜாபதி என்ற பெண்மணி தொடங்கியது. துணி வெட்டித் தைக்கும் இடம் என்றால் துண்டுகள் மிஞ்சாமல் இருக்குமா?

2004 டிசம்பர் 26 யாருக்கும் மறக்காது. கடல் எழுந்து வந்தது. நம் கரையோரக் குப்பங்களில் வீடு போயிற்று, படகு போயிற்று, உயிரும் போயிற்று. மிஞ்சியவர்களுக்குக் கடலைப் பார்க்கவே பயம். மீன் விற்றுக் குடும்பம் நடத்திய பெண்களுக்குத் தொழில் இல்லை. அரிசி வந்தது, புடவை வந்தது, பாத்திரம் வந்தது. ஆனால் கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்குமா? நடந்ததையே நினைத்து நினைத்து உருகும்.

அந்தப் பெண்களின் கையில் 2005-இல் உபாசனாக்காரர்கள் துண்டுத் துணியையும் ஊசியையும் கொடுத்தார்கள். பிறந்தது ஒரு குட்டிப் பொம்மை. உள்ளங்கையில் மூன்று நாலு உட்காரும், அவ்வளவு சிறிசு. கண், வாய், கை, கால், ஒரு சின்னச் சட்டை. பெயர் 'சுனாமிகா'. எந்தப் பேர் கேட்டால் குலை நடுங்கியதோ, அந்தப் பேரையே ஒரு பெண் குழந்தைக்கு வைப்பது போல வைத்துவிட்டார்கள்!

இன்னொரு அதிசயம், இந்தப் பொம்மையை விலைக்கு விற்கவில்லை. அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். விருப்பப்பட்டவர்கள் கொடுத்த நன்கொடையில் பெண்களுக்குக் கூலி கிடைத்தது. இப்படி இலட்சக்கணக்கான சுனாமிகாக்கள் தேசம் தேசமாகப் போய்ச் சேர்ந்தன. அவளுடைய கதை குழந்தைகளுக்கான புத்தகமாகப் பல மொழிகளில் வந்தது.

அந்தத் துணி மூலையில் கிடந்த வரைக்கும் குப்பைதான். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை நிறம் பார்த்துப் பிரித்தார். அளவாக வெட்டினார். மரியாதையாக இன்னொருவர் கையில் கொடுத்தார். அதன் பிறகுதான் அது பொம்மை ஆயிற்று. பிரித்துக் கொடுக்கிற இந்த வேலையைத்தான் நாம் எல்லோரும் மறந்துவிடுகிறோம். மூட்டையைத் தூக்கிப் பள்ளிக்கூட வாசலில் போட்டுவிட்டு, "தானம் செய்தேன்" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அதைப் பள்ளிக்கூடத்து ஆயாதான் வாரிக் கொட்டுவார்.

பிரித்து வைப்பதை ஊர்க் காரியமாகவே செய்யும் ஒரு நகரம் இத்தாலியில் இருக்கிறது. பெயர் ரெஜியோ எமிலியா. 1945-இல் யுத்தம் முடிந்ததும் அதன் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டத் தீர்மானித்தார்கள். பணம்? ஓடிப்போன ஜெர்மன் படை விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்றார்கள். கல்? குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லைக் கழுவி எடுத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட மாலகுஸ்ஸி என்ற இளம் உபாத்தியாயர் சைக்கிளில் பார்க்க வந்தார். பிறகு அந்த நகரத்துக் குழந்தைப் பள்ளிகளுக்கு உயிராகவே ஆகிவிட்டார்.

அதே நகரத்தில் 1996-இல் 'ரெமிதா' என்று ஒரு நிலையம் திறந்தார்கள். தொட்டதெல்லாம் பொன்னாகும் என்ற மைதாஸ் ராஜாவின் பெயரை ஒட்டி வைத்த பேர். சுற்றுவட்டாரத் தொழிற்கூடங்களில் மிஞ்சும் தாள், துணி, மரம், உலோகம் எல்லாம் அங்கே வரும். சுத்தம் செய்து, நிறவாரியாக, வடிவவாரியாகக் கடை போல அடுக்கி வைப்பார்கள். உபாத்தியாயர்கள் வந்து வேண்டியதை எடுத்துப் போவார்கள். நகராட்சியே இதில் பங்காளி.

கடைக்காரர் சொல்வதும் நியாயம்

நம் கடைக்காரர்களிடம் இதைச் சொன்னால் என்ன பதில் வரும்? எனக்கே தெரியும். "தம்பி, ஓரத்தாள் சும்மா போறது இல்ல. எடைக்குப் போட்டா காசு. பசங்க டீச் செலவு அதுலதான் ஓடுது" என்பார் அச்சகக்காரர். துண்டுத் துணியைக்கூட மிஷின் துடைக்கக் கிலோக் கணக்கில் வாங்கிப் போகிறார்கள். மரத்துண்டு அடுப்புக்கு ஆகும்.

நியாயமான பேச்சு. சின்னக் கடைக்காரரின் காசைப் பிடுங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டாம். ஆனால் கோணி முழுவதும் யார் கேட்டார்கள்? மாதம் ஒரு கூடை போதும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஒரு கூடை ஓரத்தாள் ஒரு மாதம் வரும். எடைக்குப் போட்டாலும் அந்த ஒரு கூடைக்குப் பெரிய தொகை தேறாது. அதையும் இழக்க முடியாதவரிடம் பழைய பேப்பர் விலையைக் கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம். ஃபேன்சி ஸ்டோரில் கொடுத்த இருநூறு ரூபாயை நினைத்துப் பாருங்கள்!

ஜாக்கிரதை வேண்டிய இடங்களும் உண்டு. மரத்துண்டில் சிராய் இருக்கும். கொடுப்பதற்கு முன் ஆசாரியே ஓரங்களை உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்துவிட வேண்டும். பொத்தானும் மணியும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடம் போகவே கூடாது. வாயில் போட்டுக்கொள்ளும். கண்ணாடி, தகரம், பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, வெல்டிங் பட்டறைச் சாமான் இவை எந்த வயதுக்கும் வேண்டாம். ஃப்ளெக்ஸ் பேனர் துண்டுகளையும் நான் சேர்க்கமாட்டேன். கடைசியில் யாராவது அதைக் கொளுத்துவார்கள். அந்தப் புகை பொல்லாதது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "ஏழைப் பிள்ளைகள்தானே, இது போதும்" என்ற நினைப்போடு இதைச் செய்வதாக இருந்தால் செய்யவே வேண்டாம். பணம் கட்டிப் படிக்கும் பள்ளியிலும் இதே கூடை இருக்க வேண்டும். அங்கேதான் தெர்மோகோல் வியாதி அதிகம். சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகமும் கருவியும் வாங்கிக் கொடுப்பது சர்க்காரின் கடமை. "கடைக்காரர்கள் கொடுக்கிறார்களே" என்று அந்தக் கடமையிலிருந்து அது நழுவவும் கூடாது.

உபாத்தியாயர்களிடமும் ஒரு வேண்டுகோள். "செய்து கொண்டு வா" என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வகுப்பிலேயே செய்யச் சொல்லுங்கள். கூடை நடுவில் இருக்கட்டும். கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். மினுக்குத்தூள் போட்ட அம்மாவின் வீட்டைவிட, குழந்தை தன் கையால் கட்டிச் சாய்ந்து நிற்கும் வீடு மேல். அது ஏன் சாய்கிறது என்று கேட்டால் முக்கோணப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

யார் தூக்கி வருவது?

இதை நடத்தப் புதிதாக ஒரு சங்கம் வேண்டாம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். அந்தப் பெற்றோர்களில் தையற்காரர் இருப்பார், தச்சர் இருப்பார், அச்சகத்தில் வேலை செய்கிறவர் இருப்பார். கூட்டம் நடக்கும் நாளில் கையொப்பம் போட்டுவிட்டுப் போவதோடு, ஆளுக்கு ஒரு கூடை கொண்டுவந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பிரித்தால் முடிந்தது. தையல் அளவு எடுக்கத் தெரிந்த தாயாரை வகுப்புக்குக் கூப்பிட்டு, "அங்குலம் என்றால் என்ன?" என்று டேப்பை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். அந்தத் தாயாரின் மகள் அன்றைக்கு வகுப்பில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்பதையும் கவனியுங்கள்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27-இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்து பிள்ளைகள் பாடத்தை மறந்திருந்த சமயம். சாயங்கால வேளையில் தன்னார்வலர்கள் பிள்ளைகளைத் தெருவிலேயே கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைத் தொடங்கிய ஜில்லாவுக்குத் தெருச் சாமானை வகுப்புக்குக் கொண்டுபோவது பெரிய காரியமா?

தீபாவளிக்கு முந்தின பத்து நாளும் தையற்கடைக்காரருக்குத் தூக்கம் இருக்காது. வருஷத்திலேயே அதிகமான துண்டுத் துணி சேரும் காலமும் அதுதான். வெள்ளைத் துணி தனி, வண்ணம் தனி, சரிகை தனி என்று மூன்று பைகளை மிஷினுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டி வைத்தால், வெட்டும்போதே அதில் போட்டுவிடலாம். ராத்திரி குனிந்து கூட்டுகிற வேலையும் அவருக்குப் பாதி மிச்சம். பையைக் கொண்டுபோய் மாட்டச் சரியான நேரம் தீபாவளி வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால். வேலை மும்முரத்தில் போனால், "அப்புறம் வாங்க தம்பி" என்றுதான் சொல்வார்.